வெளிநாடு போறீங்களா? போன பிறகு ஓடிபி வராமல் தவிக்காமல் இருக்க கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது என்ன?

சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக 2 மாதம் தங்கப் போகும் பெற்றோர் பாஸ்போர்ட், விசா, மாத்திரை, ஊறுகாய் பாட்டில் வரை எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பார்கள். துபாயில் வேலைக்குச் சேரப் போகும் இளைஞரும் அப்படித்தான். ஆனால் வங்கியில் கொடுத்திருக்கும் செல்போன் நம்பருக்கு அங்கே போனதும் எஸ்.எம்.எஸ் வருமா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அது தெரியவரும் நேரம் பெரும்பாலும் மோசமான நேரமாகவே இருக்கும். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்கு உடனே பணம் அனுப்ப வேண்டும். நெட்பேங்கிங்கில் எல்லா விவரமும் போட்டு முடித்ததும் திரையில் 'உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வரும். போனில் ஒன்றும் வராது. 'மறுபடி அனுப்பு' என்பதை அழுத்தினாலும் வராது. கணக்கில் பணம் இருக்கிறது, பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கிறது. இருந்தும் சொந்தப் பணத்தைத் தொட முடியாது.

எஸ்.எம்.எஸ் எங்கே மாட்டிக்கொள்கிறது?

பாஸ்வேர்டு ஒரு பூட்டு, ஓடிபி இரண்டாவது பூட்டு. இதைத்தான் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். பாஸ்வேர்டைத் திருடியவனிடம் உங்கள் போன் இருக்காது என்ற நம்பிக்கையில் இயங்கும் ஏற்பாடு இது. இந்தியாவில் வங்கிப் பரிவர்த்தனைகளுக்கு இந்த இரண்டாவது பூட்டு பெரும்பாலும் எஸ்.எம்.எஸ் வழியாகத்தான் வருகிறது. அதாவது உங்கள் சிம் கார்டுதான் சாவி.

வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ் முதலில் உங்கள் இந்திய செல்போன் நிறுவனத்துக்குப் போகும். 'இந்த சிம் இப்போது எந்த நாட்டில், எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது?' என்று அந்த நிறுவனம் பார்க்கும். சிங்கப்பூர் நெட்வொர்க் ஒன்றில் பதிவாகியிருந்தால் அங்கே அனுப்பும். எங்குமே பதிவாகவில்லை என்றால் எஸ்.எம்.எஸ் காத்துக்கொண்டே இருக்கும். அது வந்து சேர்வதற்குள் ஓடிபியின் சில நிமிட ஆயுள் முடிந்துவிடும்.

சிம் அங்கே பதிவாக வேண்டுமானால் உங்கள் நம்பரில் சர்வதேச ரோமிங் வசதி திறந்திருக்க வேண்டும். சில நிறுவனங்களில், சில பிளான்களில் இதற்கென்று தனி ரீசார்ஜ் போட வேண்டியிருக்கும். இதை விமானம் ஏறும் முன்பே கஸ்டமர் கேரில் கேட்டு முடித்துவிடுவது நல்லது. ஏனென்றால் அங்கே போன பிறகு நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து ரோமிங்கை ஆன் செய்யலாம் என்று பார்த்தால், அந்த ஆப்பில் நுழையவே ஓடிபி கேட்கும்!

'ரோமிங் ஆன் பண்ணா பில் எகிறிடும்' என்ற பயம்

பலர் விமானம் இறங்கியதும் இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிடுவதற்கு இந்தப் பயம்தான் காரணம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிப்போகின்றன.

ரோமிங் என்பது சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் பதிவாவது. டேட்டா ரோமிங் என்பது அந்த சிம் வழியாக இன்டர்நெட் பயன்படுத்துவது. பணத்தைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். போன் செட்டிங்ஸில் 'டேட்டா ரோமிங்' என்பதை மட்டும் ஆஃப் செய்தாலும் எஸ்.எம்.எஸ் வருவது நிற்காது. ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்த நம்பருக்கு வரும் கால்களை எடுத்தால் கட்டணம் உண்டு. வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டு வரும் காலை துபாயில் நின்றுகொண்டு எடுத்து, 'வேண்டாம்' என்று சொல்வதற்கும் காசு போகும்.

இப்போது வரும் பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் இரண்டு சிம் போடலாம். ஒன்றில் இந்திய சிம், இன்னொன்றில் அந்த ஊர் சிம் அல்லது இ-சிம். இன்டர்நெட்டுக்கு அந்த ஊர் சிம்மைத் தேர்வு செய்துவிட்டு, இந்திய சிம்மை எஸ்.எம்.எஸ்ஸுக்காக மட்டும் விட்டுவைக்கலாம். ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-வது மாடலில் இருந்து சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அங்கே போய் ஐபோன் வாங்கி இந்திய சிம்மைப் போட்டுக்கொள்ளலாம் என்ற திட்டம் நடக்காது.

அப்பாவின் பட்டன் போன்

வீட்டில் பெரியவர்களின் வங்கி நம்பர் பல நேரம் பழைய பட்டன் போனில்தான் இருக்கும். சார்ஜ் நிற்கும், கீழே விழுந்தாலும் உடையாது, அவர்களுக்கும் பழகிவிட்டது. இவற்றில் பல 2ஜி நெட்வொர்க்கில் மட்டும் வேலை செய்பவை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரல் 1-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. 3ஜியும் 2024-ல் விடைபெற்றது. ஆஸ்திரேலியாவிலும் 2ஜி இல்லை, 3ஜியும் 2024-ல் மூடப்பட்டது. அதனால் ஊரில் நன்றாக வேலை செய்த அந்த போன் அங்கே இறங்கியதும் டவரே காட்டாது. ரோமிங் ரீசார்ஜ் போட்டிருந்தாலும் பயனில்லை.

அந்த சிம்மை 4ஜி வசதியுள்ள போனுக்கு மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாற்றியதும் ஊரில் இருக்கும்போதே வங்கியில் இருந்து ஒரு ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிட வேண்டும். வங்கியில் பதிவாகியிருப்பது எந்த நம்பர் என்பதே பல வீடுகளில் அப்போதுதான் தெரியவரும்.

நம்பர் செத்துப்போனால்...

சில நாள் பயணத்தில் இந்தப் பிரச்சினை வராது. மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கும், வேலைக்குப் போய் வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கும்தான் ஆபத்து.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, ப்ரீபெய்ட் நம்பர் 90 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தப்படாமல் இருந்தால் அதைத் துண்டிக்கக் கூடாது. அதற்கு மேல் போனாலும் கணக்கில் 20 ரூபாய் அல்லது அதற்கு மேல் பேலன்ஸ் இருந்தால், 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். 'அப்படின்னா 20 ரூபாய் போதுமே' என்று நினைத்துவிட வேண்டாம். நம்பர் உயிரோடு இருப்பது வேறு, அதற்கு எஸ்.எம்.எஸ் வருவது வேறு. பிளானின் வேலிடிட்டி முடிந்துவிட்டால் சில நாட்களில் இன்கமிங் சேவையும் நின்றுபோகும். நம்பர் உங்களுடையதாகவே இருக்கும், ஓடிபி மட்டும் வராது.

இதற்கு நீண்ட நாள் வேலிடிட்டி உள்ள பிளான்தான் வழி. டேட்டா இல்லாமல் கால், எஸ்.எம்.எஸ் மட்டும் வேண்டும் என்பவர்களுக்காகத் தனி பிளான் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அத்தகைய பிளான்கள் 365 நாள் வரை வேலிடிட்டியுடன் இருக்கலாம் என்றும் சொன்னது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்திய டேட்டாவால் எந்தப் பயனும் இல்லை என்பதால், ஓடிபிக்காக மட்டும் நம்பரை வைத்திருப்பவர்களுக்கு இது பொருத்தமானது.

நம்பர் ஒரேயடியாகத் துண்டிக்கப்பட்டால் நடப்பது இன்னும் மோசம். 90 நாட்களுக்குப் பிறகு அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே இந்த விவகாரம் வந்தது. உங்கள் வங்கியும் ஆதாரும் இன்னும் அந்த நம்பரையே நம்பிக்கொண்டிருக்கும், சிம் மட்டும் முகம் தெரியாத ஒருவரின் கையில் இருக்கும். உங்களுக்கு ஓடிபி வராது என்பதோடு போகாது, அது இன்னொருவருக்குப் போகும்.

'சிம்மை தம்பிகிட்ட குடுத்துட்டுப் போறேன்'

வளைகுடா நாடுகளுக்குப் போகும் பலர் வீட்டில் செய்யும் ஏற்பாடு இதுதான். சிம் ஊரில் தம்பியிடமோ மனைவியிடமோ இருக்கும். ஓடிபி வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். தம்பி தூங்கிவிட்டால் அவ்வளவுதான். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே, துபாய் நேரம் ஒன்றரை மணி நேரம் பின்னே. அங்கே இரவு 11 மணி என்றால் இங்கே பன்னிரண்டரை.

ஏற்பாடு நடைமுறையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஓடிபியை யாரிடமும் பகிரக் கூடாது என்பது எல்லா வங்கிகளின் நிபந்தனை. ஏதாவது மோசடி நடந்தால் இதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். வாடிக்கையாளர் தன் ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் நஷ்டம் ஏற்பட்டால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு சுற்றறிக்கை சொல்கிறது.

இதைவிட ஆபத்தானது, எஸ்.எம்.எஸ்ஸைத் தானாக வேறு நம்பருக்கு அனுப்பும் ஆப்களை அந்தப் போனில் போட்டுவைப்பது. வங்கி மோசடிக் கும்பல்கள் போலி ஆப் வழியாகச் செய்வதும் இதேதான். திருடன் செய்யும் வேலையை நாமே செய்துகொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஊரில் குடும்பச் செலவுக்குப் பணம் எடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றால், கூட்டுக் கணக்காக மாற்றி ஊரில் இருப்பவருக்குத் தனி ஏடிஎம் கார்டு, தனி நம்பர் வாங்கிக் கொடுத்துவிடலாம். அடிக்கடி பணம் அனுப்ப வேண்டியவர்களின் கணக்குகளையும் கிளம்பும் முன்பே நெட்பேங்கிங்கில் சேர்த்துவிட வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் முதல் சில மணி நேரம் வரம்பு வைக்கும் வங்கிகள் நிறைய.

யு.பி.ஐ: புது போன் வாங்கும்போது ஜாக்கிரதை

கூகுள் பே, போன்பே போன்ற ஆப்கள் தினமும் ஓடிபி கேட்பதில்லை. பின் நம்பர் போட்டால் போதும். ஆனால் முதல்முறை பதிவு செய்யும்போது உங்கள் சிம்மில் இருந்து ஒரு எஸ்.எம்.எஸ்ஸை ஆப் தானாக அனுப்பும். இந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று வங்கிக்கு நிரூபிப்பதற்காக. பதிவானதும் அந்தப் போனும் சிம்மும் சேர்த்துக் கட்டப்பட்டுவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சிங்கப்பூர் முஸ்தபா சென்டரிலோ துபாயிலோ விலை குறைவாக இருக்கிறதே என்று புது போன் வாங்கும்போது. பழையதை ரீசெட் செய்து மகனிடம் கொடுத்துவிட்டு, புதியதில் யு.பி.ஐ ஆப்பைத் திறந்தால் மறுபடி எஸ்.எம்.எஸ் அனுப்பச் சொல்லும். வரும் எஸ்.எம்.எஸ்தான் இலவசம். ரோமிங்கில் அனுப்பும் எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பேலன்ஸோ பேக்கோ வேண்டும். அது இருந்தும் சில நேரம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் இருந்து போகும் அந்த எஸ்.எம்.எஸ் சரிபார்ப்பில் தோற்றுவிடும். புது போன் வாங்குவதில் தப்பில்லை. ஊர் திரும்பும் வரை பழைய போனை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

நீண்ட நாள் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. என்.ஆர்.இ அல்லது என்.ஆர்.ஓ கணக்கு வைத்திருந்தால் வெளிநாட்டு செல்போன் நம்பரிலேயே யு.பி.ஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் தேசிய கொடுப்பனவுக் கழகம் அறிவித்தது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, கத்தார், ஓமன், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங் ஆகியவை முதல் பட்டியலில் இருந்த 10 இடங்கள். எல்லா வங்கிகளிலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது, உங்கள் வங்கியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிம்மே வேண்டாம் என்றால்?

ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்கு எஸ்.எம்.எஸ்ஸை நம்பியிருக்கத் தேவையே இல்லை. கூகுள் ஆதென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் போன்ற ஆப்கள் 6 இலக்க எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், இன்டர்நெட்கூட வேண்டாம். விமானத்தில் ஃபிளைட் மோடில் இருந்தாலும் வேலை செய்யும்.

முதல்முறை கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசிய எண் உங்கள் போனிலும் அந்த நிறுவனத்தின் சர்வரிலும் பதிவாகும். பிறகு இரண்டு பக்கமும் அந்த ரகசிய எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை புது எண்ணை எடுக்கும். ஒரே பஞ்சாங்கத்தை வைத்திருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே நல்ல நேரத்தைச் சொல்வதுபோலத்தான்.

'அந்த ஊர் நேரம் வேறயாச்சே, எண் மாறிடாதா?' என்ற கேள்வி வரும். மாறாது. கணக்கு உலகப் பொது நேரத்தை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் போனின் தானியங்கி நேரத்தை ஆஃப் செய்துவிட்டு, இந்திய நேர மண்டலத்திலேயே இருந்தபடி கடிகாரத்தை மட்டும் இரண்டரை மணி நேரம் கையால் தள்ளிவைத்தால் எண் தப்பாக வரும். நேரத்தைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். சீனாவுக்குப் போகிறவர்களுக்கும் இந்த ஆப்தான் கைகொடுக்கும். அங்கே கூகுள் சேவைகள் தடைசெய்யப்பட்டிருப்பதால், 'நீங்கள்தானா?' என்று போனில் கேட்கும் கூகுள் அறிவிப்பை அந்த ஊர் இன்டர்நெட்டில் நம்ப முடியாது.

வாட்ஸ்அப் விஷயத்தில் செய்ய வேண்டியது குறைவு. அந்த ஊர் சிம்மைப் போட்டாலும் பழைய நம்பரிலேயே வாட்ஸ்அப் தொடரும். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடாமல் இருக்க வேண்டும், போட்டால் பழைய நம்பருக்குத்தான் கோடு வரும். கிளம்பும் முன் 6 இலக்க இரண்டடுக்குப் பின் நம்பரையும், அதை மறந்தால் மீட்க ஒரு இமெயிலையும் போட்டுவைப்பது நல்லது.

போனே தொலைந்துவிட்டால்?

ஓடிபி வரும் சிம், ஆதென்டிகேட்டர் ஆப், வங்கி ஆப் எல்லாம் ஒரே போனில். அது டாக்ஸியில் விட்டுப்போனால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். ஆதென்டிகேட்டர் எண்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் வசதி 2023-ல் வந்தது. ஆனால் அதை எடுக்க கூகுள் கணக்குக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கு ஆதென்டிகேட்டர் எண் வேண்டும். பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

இதற்குத்தான் பேக்கப் கோடுகள் இருக்கின்றன. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் கேட்டால் 8 இலக்கத்தில் 10 எண்கள் தரும். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். புதிதாக 10 எண்கள் வாங்கினால் பழையவை செல்லாது. இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதால் பயனில்லை. பேப்பரில் எழுதி, கைப்பையில் இல்லாமல் பெட்டியில் வையுங்கள், இன்னொரு பிரதி ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். கணவன், மனைவி சேர்ந்து போகிறார்கள் என்றால் ஒருவர் கணக்கை இன்னொருவர் போனிலும் திறந்துவைக்கலாம்.

கார்டை முடக்குவதற்கான வங்கி நம்பரையும் அதே பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டில் இருந்து பொதுவாகக் கிடைக்காது. +91 என்று தொடங்கும் எண் கார்டின் பின்பக்கமோ வங்கி இணையதளத்திலோ இருக்கும்.

எஸ்.எம்.எஸ் ஓடிபி மாறப் போகிறதா?

மற்ற நாடுகளில் மாற்றம் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரின் பெரிய வங்கிகள் டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு லாகின் செய்ய ஓடிபி அனுப்புவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2024 ஜூலையில் அறிவிப்பு வந்தது. அமீரகத்திலும் வங்கிகள் 2025-ல் இருந்து இதே பாதையில் போகின்றன.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், எஸ்.எம்.எஸ் ஓடிபியைத் தாண்டி வேறு வழிகளையும் வங்கிகள் பயன்படுத்த இடம் தருகின்றன. 2026 ஏப்ரல் 1 அதற்கான அமல் தேதி. எஸ்.எம்.எஸ் ஓடிபி ஒழிக்கப்படவில்லை, அதுவும் ஒரு வழியாகத் தொடரும். எஸ்.பி.ஐ போன்ற வங்கிகளில் ஓடிபியை ஆப்பிலேயே உருவாக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதையும் இந்தியாவில் இருக்கும்போதே, சிம் போனில் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்வதையும் அதே நாளில் முடித்துவிடலாம். 2020-ல் வந்த விதிப்படி புது கார்டுகளில் அது தானாக ஆன் ஆகி வராது.

ஏற்கெனவே அங்கே போய் மாட்டிக்கொண்டவர்கள்

முதலில் போன் செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தானியங்கியில் இருந்து கைமுறைக்கு மாற்றி, பட்டியலில் வரும் ஒவ்வொரு நிறுவனமாக முயன்று பாருங்கள். உங்கள் இந்திய நிறுவனத்துக்கு அங்குள்ள எல்லா நிறுவனங்களோடும் ஒப்பந்தம் இருக்காது. டவர் கிடைத்தும் ஓடிபி வரவில்லை என்றால், ஊரில் யாரையாவது சாதாரண எஸ்.எம்.எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால் பிரச்சினை வங்கிப் பக்கம். அதுவும் வரவில்லை என்றால் ரோமிங்கோ வேலிடிட்டியோதான் காரணம். ரீசார்ஜை ஊரில் இருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் நம்பருக்குப் போடலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இமெயிலில் ஓடிபி அனுப்பும் வங்கிகளும் இருக்கின்றன, அதையும் கேட்டுப் பாருங்கள்.

சிம்மே தொலைந்துவிட்டது என்றால் மாற்று சிம் இந்தியாவில்தான் கிடைக்கும். அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாளச் சான்றோடு போக வேண்டும். நீங்கள் பல வருடமாகப் பயன்படுத்தும் நம்பர் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால், இந்த ஒரு நேரத்தில் மட்டும் அது வசதி. வாங்கி கூரியரில் அனுப்பச் சொல்லலாம். சிம் மாற்றியதும் 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்.எம்.எஸ் வசதி முடக்கப்பட்டிருக்கும். வேறு யாராவது உங்கள் பெயரில் சிம் வாங்கிக் கணக்கைக் காலி செய்துவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. கஸ்டமர் கேரில் எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் அந்த 24 மணி நேரத்தைக் குறைக்க மாட்டார்கள்.